டிராம் வண்டிக்கு வலுத் தந்தவை

டிராம் வண்டி என்றவுடன் தெருவின் மேலே நீண்டு செல்லும் மின்கம்பியும், அதனைத் தொட்டபடி ஓடும் கோலும், சாரதி காலால் மிதித்து ஒலிக்கும் மணியுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், டிராம் வண்டியின் வரலாற்றில் மின்சாரம் முதலில் வந்ததன்று; இரண்டாவதாக வந்ததுமன்று. முதலில் குதிரை இழுத்தது. பின்னர் நீராவி இழுத்தது. நிலத்துக்கடியில் ஓடிய இரும்பு வடம் இழுத்தது. கலத்தில் அடைத்த காற்றுத் தள்ளியது. விளக்கெரிக்கும் வாயுவும் தன் பங்குக்குச் சில தெருக்களில் வண்டி ஓட்டிப் பார்த்தது. 1870ஆம் ஆண்டு தொட்டு 1900ஆம் ஆண்டு வரையான முப்பது ஆண்டுகளில் இவை யாவும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அப்போட்டியில் மின்சாரம் வென்றது எவ்வாறு, மற்றவை தோற்றது ஏன் என்பதை ஆராய்ந்தால், ஒரு நகரம் தன் நடமாட்டத்துக்கு எதனை நம்பியிருக்கிறது என்னும் பெரிய வினா ஒன்று உள்ளே மறைந்திருப்பதைக் காணலாம்.

தெருவிலே இரும்புப் பாதை இடுவதன் பயன் எளிதில் விளங்குவது. மேடும் பள்ளமுமான வீதியிலே உருளும் சில்லு ஒவ்வோர் அடியிலும் வீதியோடு மல்லாட வேண்டியிருக்கிறது. வழுவழுப்பான தண்டவாளத்திலோ அத்தடை மிகச் சிறிது. ஆகவே, சாதாரண வீதியில் ஒரு குதிரை இழுக்கும் பாரத்தினும் பன்மடங்கு பாரத்தை அதே குதிரை தண்டவாளத்தின்மீது இழுத்துவிடும். பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டில், சுவான்சி நகரை அடுத்த கடற்கரை ஓரமாக, சுண்ணாம்புக் கல்லும் நிலக்கரியும் ஏற்றிச் செல்வதற்கென இடப்பட்ட பாதை ஒன்றிலே, 1807ஆம் ஆண்டில் கட்டணம் பெற்றுப் பிரயாணிகளையும் ஏற்றத் தொடங்கினர். அவ்வண்டியை இழுத்தது குதிரை. 1832இல் நியூயோர்க் நகரத்தின் தெருவிலேயே தண்டவாளம் பதித்துக் குதிரை டிராமை ஓடவிட்டனர். நாற்பது ஆண்டுகளுக்குள் இவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவிற்று. கல்கத்தாவில் 1873இலும் பம்பாயில் 1874இலும் குதிரை டிராம்கள் ஓடின.

குதிரையின் குறை அதன் உடம்பிலேயே இருந்தது. இயந்திரத்தை நாள் முழுதும் ஓட்டலாம். குதிரையை அவ்வாறு ஓட்டல் இயலாது. நான்கைந்து மணி நேரம் பாரம் இழுத்த குதிரையை லாயத்துக்கு அனுப்பிவிட்டு வேறு குதிரையைப் பூட்ட வேண்டும். ஆகையால், காலை முதல் இரவு வரை ஒரு வண்டி ஓடுவதற்கு எட்டு, பத்துக் குதிரைகள் தேவைப்பட்டன. அவற்றுக்குத் தீனி வேண்டும், லாடம் வேண்டும், வைத்தியம் வேண்டும், ஓடாத நாளிலும் உணவு வேண்டும். நாளொன்றுக்கு ஒரு குதிரை இடும் சாணம் ஏறக்குறைய 10 கிலோ என்றால், ஆயிரக்கணக்கான குதிரைகள் உள்ள நகரத்தின் தெருக்கள் எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கல் பதித்த தெருக்களில் ஓடி ஓடிக் கால் தேய்ந்த குதிரைகள் சில ஆண்டுகளிலேயே இவ்வேலைக்கு உதவாதனவாகிவிடும். டிராம் கம்பனிகளின் முதலில் பெரும் பகுதி வண்டியிலே அன்றி லாயத்திலேயே முடங்கிக் கிடந்தது.

இவ்வேற்பாடு எத்துணைப் பலவீனமானது என்பதை 1872ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்திற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் கனடாவின் ரொறன்ரோ நகரை அண்டிய பகுதியில் குதிரைகளுக்கு ஒருவகைத் தொற்றுச் சளிக் காய்ச்சல் கண்டது. சில வாரங்களுக்குள் அந்நோய் அமெரிக்காவின் பெருநகரங்களை எட்டியது. நோய் கண்ட குதிரைகளிற் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டனவாயினும், நாட்கணக்காக அவை நிற்கவும் வலுவற்றுக் கிடந்தன. டிராம் ஓடவில்லை, சரக்கு வண்டி ஓடவில்லை, சில இடங்களில் மனிதரே நுகத்தில் தோள் கொடுத்து வண்டி இழுத்தனர். நவம்பர் 9ஆம் திகதி இரவு பொஸ்ரன் நகரின் வர்த்தகப் பகுதியில் தீப்பற்றியபோது, தீயணைக்கும் பொறிகளை ஆட்களே இழுத்துச் செல்ல நேர்ந்தது. அத்தீயில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஒரே ஒரு வலுவை நம்பியிருந்த நகரங்கள், அவ்வலு நோயுற்றபோது தாமும் படுத்துவிட்டன.

குதிரைக்கு மாற்றாக முதலில் எண்ணப்பட்டது நீராவி. ஊர்விட்டு ஊர் செல்லும் புகையிரதத்தை இழுக்கும் நீராவி எஞ்சின், தெருவில் ஓடும் சிறு வண்டியை இழுக்க மாட்டாதா என்று கேட்டனர். இழுக்கத்தான் செய்தது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1879இல் நடந்த சர்வதேசக் கண்காட்சிக்கு வரும் மக்களை ஏற்றுவதற்கெனத் தற்காலிகமாக இடப்பட்ட நீராவி டிராம், மக்களுக்குப் பிடித்துப்போகவே நிரந்தரமாயிற்று. ஆனால், வயல்வெளியில் கவலையின்றிப் புகை கக்கலாம். வீட்டு வாசலில் கக்கல் ஆகாது. நெருப்புப் பொறியும் கரிப்புகையும் கடைக்காரரை வருத்தின. இரைச்சல் தெருக் குதிரைகளை மிரட்டியது. எனவே, பிரித்தானிய அரசு நீராவி டிராமுக்குப் பல கட்டுப்பாடுகளை விதித்தது. புகை வெளிவரலாகாது, சில்லுகளும் அசையும் உறுப்புகளும் கண்ணுக்குத் தெரியாதபடி மூடப்படவேண்டும், மணிக்குப் பத்து மைலுக்கு மேல் ஓடலாகாது என்பன அவற்றுட் சில. எஞ்சினின் பாரம் இலேசான தெருத் தண்டவாளங்களையும் நசுக்கிற்று.

நெருப்பைத் தெருவுக்குக் கொண்டுவருவதே தொல்லையாயின், நெருப்பை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அதன் பயனை மட்டும் வண்டியில் ஏற்றிச் சென்றால் என்ன? இவ்வெண்ணத்திலிருந்து பல முயற்சிகள் தோன்றின. அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸ் நகரில் எமில் லாம் என்பவர், 1870களில் நெருப்பில்லா எஞ்சினை ஓட்டிக் காட்டினார். நிலையத்திலுள்ள கொதிகலத்திலிருந்து மிகுந்த வெப்பமும் அமுக்கமும் கொண்ட நீரை வண்டியின் தாங்கியில் நிரப்பிவிடுவர். அமுக்கம் குறையக் குறைய அந்நீர் ஆவியாகி எஞ்சினை இயக்கும். ஒல்லாந்தர் ஆட்சியில் பத்தாவியா எனப்பட்ட இன்றைய ஜாகர்த்தாவின் தெருக்களிலே இத்தகைய எஞ்சின்கள் 1880களில் தொடங்கி 1933 வரை ஓடின.

பிரான்சு நாட்டில் லூயி மெகார்ஸ்கி என்னும் பொறியியலாளர் நீராவிக்குப் பதிலாகக் காற்றை எடுத்துக்கொண்டார். நிலையத்தில் காற்றை மிக அமுக்கி, வண்டியின் அடியிலுள்ள உருக்குக் கலங்களில் அடைத்தார். அடைபட்ட காற்று விரியும்போது கடுமையாகக் குளிர்ந்து உறுப்புகளில் உறைபனி படியச் செய்யும். அதனைத் தடுப்பதற்காகக் காற்றைச் சுடுநீரினூடே செலுத்திச் சூடேற்றியபின் எஞ்சினுக்குள் விட்டார். அவரது டிராம்கள் 1879 முதல் 1917 வரை நான்த் நகரில் ஓடின. புகையில்லை, சாம்பலில்லை, அதிக ஓசையுமில்லை. எனினும், காற்றை அமுக்கச் செலவாகும் வலுவிற் பெரும்பகுதி வெப்பமாக வீணாயிற்று; கலம் காலியாகுமுன் வண்டி நிலையத்துக்குத் திரும்பியாக வேண்டியும் இருந்தது. வேல்ஸ் நாட்டின் நீத் என்னும் ஊரில் வாயுவை எரித்து ஓடிய டிராம்கள் 1899 முதல் 1920 வரை பணியாற்றின. சேமிப்பு மின்கலங்களை வண்டியில் ஏற்றி ஓட்டியவர்களும் உண்டு. அக்காலத்து ஈயக் கலங்கள் மிகப் பாரமானவை. அமிலத்தின் நெடி பிரயாணிகளைத் துன்புறுத்தியது. இவை அனைத்தினதும் குறை ஒன்றே: தனக்கு வேண்டிய வலுவையும் வண்டி தானே சுமக்க வேண்டியிருந்தது. வழிநடைக்காரன் கட்டுச்சோற்று மூட்டையைச் சுமப்பது போன்றது இது. தூரம் கூடினால் மூட்டை பெருக்கும். மூட்டை பெருத்தால் நடை தளரும்.

வலுவை வண்டியில் ஏற்றாமல் வெளியிலிருந்தே வண்டிக்கு ஊட்டலாம் என்று முதலில் வெற்றிகரமாகக் காட்டியது வடத்து டிராம். திருவிழாவிலே தேர் தானாக நகர்வதில்லை. வடம் பிடித்தோர் இழுக்க அது நகர்கிறது. அவ்வடம் ஓயாது ஓடிக்கொண்டேயிருக்க, தேர் வேண்டும்போது அதனைப் பற்றிக்கொள்வதாயும், வேண்டாதபோது விட்டுவிடுவதாயும் கற்பனை செய்தால் அதுவே வடத்து டிராம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் செங்குத்தான குன்றுகளின்மேல் அமைந்தது. அங்கே குதிரைகள் ஏற்றத்தில் வழுக்கி விழுந்து மடிவது உண்டு. உருக்குக் கம்பி வடம் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த அன்றூ ஹாலிடி என்பவர், 1873ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கிளே வீதிக் குன்றின்மீது தம் வடத்து வண்டியை ஓட்டிக் காட்டினார். தெருவின் நடுவே ஒடுங்கிய பிளவு ஒன்று; அதன் கீழே முடிவின்றிச் சுற்றிவரும் வடம்; ஓரிடத்தில் நிலையாக நின்று அதனைச் சுழற்றும் நீராவி எஞ்சின். வண்டியிலுள்ள பிடியைச் சாரதி இறுக்கினால் வண்டி வடத்தோடு செல்லும். தளர்த்தித் தடையைப் போட்டால் நிற்கும்.

சிக்காகோ, மெல்பேண், எடின்பரோ முதலிய நகரங்கள் இம்முறையைக் கைக்கொண்டன. மெல்பேணில் 1885 முதல் 1940 வரை வடத்து டிராம்கள் ஓடின. ஆயினும், இதற்கும் குறைகள் இருந்தன. வண்டியில் ஒருவர் ஏறினாலும் ஒருவரும் ஏறாவிட்டாலும் மைற்கணக்கான வடம் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். எஞ்சினின் வலுவில் அதிக பங்கு வடத்தை இழுப்பதிலேயே கழிந்தது. வடத்தின் இழை ஒன்று அறுந்து பிடியில் சிக்கிக்கொண்டால் வண்டியை நிறுத்த இயலாது. வடம் பழுதுற்றாலோ அப்பாதையிலுள்ள அத்தனை வண்டிகளும் நின்றுவிடும். எடின்பரோவில் வேறொரு வேடிக்கையும் நேர்ந்தது. அந்நகரம் வடத்தைப் பற்றி நிற்க, அடுத்திருந்த லீத் நகரம் 1905இல் மின்சாரத்துக்கு மாறிற்று. இரு நகரங்களின் எல்லையான பில்ரிக் என்னுமிடத்தில், மழையானாலும் குளிரானாலும் பிரயாணிகள் ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறவேண்டியதாயிற்று. இரு முறைகளும் இணைய மாட்டாமையால் விளைந்த இத்தொல்லை 1922இலேயே நீங்கியது.

மின்சாரமோ வடத்தின் நன்மையைக் கொண்டு அதன் பாரத்தைக் களைந்தது. வடம் போலவே வலுவை வெளியிலிருந்து ஊட்டும். ஆனால் கம்பி அசைவதில்லை. எந்த வண்டிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவையே அது எடுத்துக்கொள்ளும். ஜேர்மனியரான வேர்னர் சீமென்ஸ், 1879இல் பேர்லின் கண்காட்சியில் மின்சாரத்தால் ஓடும் சிறு இரயிலை இயக்கிக் காட்டினார். 1881 மே மாதத்தில் பேர்லினை அடுத்த லிக்டர்பெல்டேயில் மின்சார டிராம் ஒன்றை மக்களின் பயன்பாட்டுக்கு விட்டார். அங்கு 180 வோல்ற் மின்சாரம் இரு தண்டவாளங்களின் வழியாகவே பாய்ந்தது. பாதையைக் கடக்கும் குதிரைகளின் இரும்பு லாடம் இரு தண்டவாளங்களையும் ஒருங்கே தொட்டால் அவை அதிர்ச்சியுற்றன. மின்சாரத்தைத் தெருவில் கிடத்தல் தகாது, மனிதருக்கும் மாவுக்கும் எட்டாத உயரத்திலேயே அது செல்ல வேண்டும் என்னும் பாடம் இதனாற் கிடைத்தது.

அப்பாடத்தை முழுமையாகச் செயற்படுத்தியவர் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிப் பின்னர் எடிசனிடமும் சிறிது காலம் இருந்த பிராங் ஸ்பிரேக். அவர் 1888 பெப்ரவரியில் ரிச்மண்ட் நகரில் நாற்பது வண்டிகள் கொண்ட மின்சார டிராம் சேவையைத் தொடங்கினார். மேலே கம்பி, அதன் அடிப்பாகத்தைத் தொட்டபடி செல்லும் தொடுகோல், சில்லின் அச்சோடு இணைத்துத் தொங்கவிடப்பட்ட மோட்டர். அந்நகரத்தின் கடும் ஏற்றங்களை அவ்வண்டிகள் ஏறின. பல வண்டிகள் ஒரே நேரத்தில் புறப்பட்டால் மின்சாரம் தாங்குமா என்று பொஸ்ரன் டிராம் கம்பனியின் தலைவர் ஐயுற்றார். ஸ்பிரேக் இரவிலே 22 வண்டிகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார். விளக்குகள் மங்கின, வண்டிகள் நகர்ந்தன, விளக்குகள் மீண்டும் ஒளிர்ந்தன. அவர் ஐயம் தீர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட மின்சார டிராம் பாதைகள் எழுந்தன. இலட்சக்கணக்கான குதிரைகளுக்கு நுகத்திலிருந்து விடுதலை கிடைத்தது.

எனினும், கம்பியின்மீது எல்லோருக்கும் அன்பிருந்ததில்லை. அழகிய வீதிகளின் வானத்தைக் கம்பி வலை மறைக்கிறது என்று நகரமாந்தர் குறைப்பட்டனர். நியூயோர்க்கின் மன்ஹாட்டன், வாஷிங்டன், லண்டன் ஆகிய இடங்களின் மத்திய பகுதிகளில் மின்கம்பியைத் தெருவின் அடியிலுள்ள கால்வாயில் இட்டு, பிளவின் வழியே வண்டியிலிருந்து இறங்கும் தகடு அதனைத் தொடுமாறு செய்தனர். செலவோ மிகுதி, சேறும் நீரும் புகாமல் காத்தல் அதனினும் அரிது. இம்முறைக்கு மழை எத்தகைய பகை என்பதைச் சென்னை கண்டது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895ஆம் ஆண்டு மே 7ஆம் திகதி சென்னையிலேயே ஓடிற்று. அது முதலில் நிலத்தடிக் கால்வாயிலிருந்தே மின்சாரம் பெற்றது. பருவமழை வெள்ளம் அக்கால்வாய்களைச் சீர்குலைக்கவே, கம்பெனியார் மேற்கம்பிக்கு மாறினர். அன்னிய நாட்டுத் தெருவுக்கு இசைந்த ஏற்பாடு அடைமழை கொட்டும் ஊருக்கு இசைவதில்லை. சென்னை டிராம் 1953 ஏப்ரிலில் நின்றது.

கொழும்பு நகரம் 1899இல் மேற்கம்பி டிராமைப் பெற்றது. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும் மற்றொன்று பொரளைக்கும் சென்றது. அதனை நடத்திய கம்பெனி டிராமுக்கும் விளக்குக்குமான மின்சாரக் கம்பெனி என்றே பெயர் பூண்டது. வண்டி ஓட்டும் மின்சாரமே விளக்குமேற்றும் என்பது அப்பெயரிலேயே விளங்கும். 1944இல் கொழும்பு மாநகரசபை அச்சேவையைப் பொறுப்பேற்றது. 1953இல் தண்டவாளமின்றிக் கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் திரொலி பஸ்கள் வந்தன. 1960இல் டிராமும் 1964இல் திரொலி பஸ்ஸும் நிறுத்தப்பட்டன. பெற்றோலும் டீசலும் மலிவாகக் கிடைத்த அக்காலத்தில், உலகின் பல நகரங்கள் இதையே செய்தன. லண்டன் 1952இலும் பம்பாய் 1964இலும் தம் டிராம்களைக் கைவிட்டன. தண்டவாளம் பழுதாகியிருந்தது, மோட்டார் வண்டிகள் தெருவை நிறைத்தன, எங்கும் திரும்பக்கூடிய பஸ், பாதை மாறமாட்டாத டிராமினும் வசதியானதாகத் தோன்றியது. அக்காரணங்களைப் பொய்யென்று சொல்ல முடியாது.

எனினும், அவற்றோடு வைத்து எண்ணவேண்டிய ஒன்று உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918இலேயே எடுத்துரைத்தார். அவர் கனவு கண்ட இலக்சபானா நீர்மின் திட்டம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. மலைநாட்டு மழைநீர் மின்சாரமாகிக் கொழும்பை வந்தடைந்த பத்தாண்டில், அந்நகரத்துத் தெருக்களிலிருந்து மின்சார டிராம் மறைந்தது. சொந்த மலையில் பிறந்த வலு விளக்கேற்றுவதற்குப் போய்விட, தெருவிலே மக்களை ஏற்றிச் செல்லும் வலு கப்பலில் வந்திறங்கியது.

கைவிடப்பட்ட வழிகள் அழிந்தொழிந்தனவா என்றால், இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் வடத்து வண்டிகளை நிறுத்த நகராட்சி 1947இல் முற்பட்டபோது பொதுமக்கள் தடுத்து நிறுத்தினர். மூன்று பாதைகளில் அவை இன்றும் குன்றேறுகின்றன. பழைய நிலத்தடி மின்சார முறை, பிரான்சின் போர்தோ நகரில் 2003இல் புத்துருக் கொண்டது. தண்டவாளங்களின் நடுவே பதித்த மின்பட்டையில் வண்டி மறைத்து நிற்கும் துண்டுக்கு மட்டுமே மின்சாரம் பாயும். வண்டி கடந்ததும் அது அடங்கிவிடும். லிக்டர்பெல்டேயின் குதிரைகள் கண்ட ஆபத்து இங்கில்லை. நீஸ் நகரத்து டிராம் 2007 முதல் இரு சதுக்கங்களைக் கம்பியின்றி மின்கலத்தால் கடந்தது. சீனாவின் குவாங்சோவில் 2014 தொட்டு ஓடும் டிராம்கள், தரிப்பிடத்தில் மக்கள் ஏறியிறங்கும் சிறு பொழுதுக்குள் அடுத்த தரிப்பிடம் வரை செல்ல வேண்டிய மின்சாரத்தை நிரப்பிக்கொள்கின்றன. கட்டுச்சோற்று மூட்டை சிறிதாகிவிட்டது. வழியெங்கும் அன்னசத்திரங்கள் திறந்திருக்கின்றன என்று சொல்லலாம். போஷான் நகரில் 2019இல் ஐதரசனால் ஓடும் டிராமும் சேவைக்கு வந்தது.

இவை அனைத்திலும் மின்சாரத்தின் உண்மையான வலிமை தெரிகிறது. குதிரை கொள்ளையே தின்னும். டீசல் எஞ்சின் டீசலையே குடிக்கும். மின்சார டிராமோ கம்பியில் வரும் மின்சாரம் எங்கே பிறந்தது என்று கேட்பதில்லை. நிலக்கரி எரித்தாலும், அருவி விழுந்தாலும், காற்று வீசினாலும், வெயில் காய்ந்தாலும் அதே வண்டி அதே பாதையில் ஓடும். ஊற்று மாறலாம், ஓட்டம் மாறாது.

2022ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பட்டபோது, பெற்றோல் நிலையங்களின் வாசலில் வாகனங்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றதை இலங்கையர் மறந்திருக்க மாட்டார்கள். பஸ்கள் குறைந்தன, பாடசாலைகள் மூடப்பட்டன. எண்ணெயை நம்பிய மின்நிலையங்களும் ஓய, விளக்குகளும் அணைந்தன. அதற்கு இரண்டாண்டுகளின் முன், 2020இல், கொழும்பில் மின்சார இலகு இரயில் பாதை அமைக்க ஜப்பானின் கடனுதவியோடு வகுக்கப்பட்டிருந்த திட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. 1872இல் பொஸ்ரன் நகரம் குதிரையின் காய்ச்சலால் முடங்கியதற்கும், நூற்றைம்பது ஆண்டுகளின் பின் கொழும்பு எண்ணெய்க் கப்பலை எதிர்பார்த்து நின்றதற்கும் இடையே பெரிய வேறுபாடில்லை. ஒரே ஊற்றில் நீர் மொள்ளும் ஊர், அவ்வூற்று வற்றும் நாளில் தாகத்தால் வாடும்.

ஒரு நகரம் எந்த வண்டியில் ஏறுவது என்று தீர்மானிக்கும்போது, வண்டியின் விலையோடும் பாதையின் செலவோடும் அதன் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அவ்வண்டியை நகர்த்தும் வலு எங்கிருந்து வருகிறது, அது ஒருநாள் வராமற் போனால் வேறெங்கிருந்து பெறலாம் என்னும் வினாவும் அக்கணக்கிற் சேரவேண்டும். குதிரை லாயத்திலிருந்து மின்நிலையம் வரை டிராம் வண்டி நடந்துவந்த நெடுவழி கற்பிக்கும் பாடம் இதுவே.